தானே எழுதியவருக்கும் அச்சம் உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை, பல்கலைக்கழகப் பாடங்களில் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துவது பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். நிதானமாக எழுதப்பட்ட கட்டுரைதான். ஆனால் கடைசிக்கு முந்தின பத்தியில் ஒரு வரி: "தானே எழுதும் மாணவருக்கு இந்த விதிமுறைகளால் அச்சம் ஏதுமில்லை." அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. கட்டுரையாளர் எங்கள் வீட்டுக்கு வந்து கேட்டிருந்தால் அந்த வரியை எழுதியிருக்க மாட்டார்.

என் மகள் இங்கே சிங்கப்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அவள் இன்னும் அங்கேதான் படித்து முடிக்க வேண்டும் என்பதால் பெயர் வேண்டாம். சென்ற பருவத்தில் அவள் கொடுத்த ஒரு கட்டுரையின் பெரும்பகுதியைச் செயற்கை நுண்ணறிவு எழுதியிருக்கலாம் என்று ஏதோ ஒரு மென்பொருள் சொல்லிவிட்டதாம். இரவு நேரத்தில் மின்னஞ்சல் வந்தது. விளக்கம் தர வேண்டும், இல்லாவிட்டால் சுழியம். என்ன விளக்கம் தருவது? செய்ததைச் செய்தேன் என்று காட்டலாம். செய்யாததைச் செய்யவில்லை என்று ஒரு பிள்ளை எப்படிக் காட்டும்?

கூகல் டாக்ஸ், எழுதியதன் பழைய வடிவங்களை நேரம் போட்டுச் சேமித்து வைக்கிறது. அதையெல்லாம் சாப்பாட்டு மேசையில் பரப்பிவைத்து இருவரும் பார்த்தோம். நள்ளிரவு 1.40க்கு ஒரு பத்தியை முழுசாக அழித்திருக்கிறாள். 2.15க்கு அதே பத்தி வேறு மாதிரி வந்திருக்கிறது. 'ஹவ்வெவர்' என்ற சொல்லைப் போட்டு, எடுத்து, திரும்பவும் போட்டிருக்கிறாள். பலதுறை மருந்தகத்தில் பாட்டியுடன் காத்திருந்தபோது சந்திப்புத் தாளின் பின்பக்கத்தில் அவள் கிறுக்கிய குறிப்புகள்கூடக் கிடைத்தன. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனாள். மூன்று பேர் முன்னால் உட்காரவைத்துக் கேள்வி கேட்டார்கள். வரிக்கு வரி பதில் சொன்னாள். அப்புறம் இரண்டு வரியில் ஒரு மின்னஞ்சல்: மேல் நடவடிக்கை எதுவும் இல்லை. அவ்வளவுதான். வருத்தம் என்று ஒரு சொல் இல்லை. பிழை எங்களுடையது என்று ஒரு சொல் இல்லை.

இப்போது அவள் எழுத உட்கார்ந்தால் முதலில் திரைப்பதிவை ஓட விடுகிறாள். அதைவிட எனக்கு வலிப்பது இன்னொன்று. எழுதும்போது நல்ல சொல் ஒன்று வந்து விழுந்தால் அதை எடுத்துவிட்டுச் சாதாரணமான ஒன்றைப் போடுகிறாள். வாக்கியம் சீராக அமைந்துவிட்டால் கலைத்துவிடுகிறாள். "இது ரொம்ப ஒழுங்கா இருக்கும்மா, சந்தேகப்படுவாங்க" என்கிறாள். தானே எழுதும் மாணவி ஐயா அவள்.

இந்தக் கண்டுபிடிப்பு மென்பொருள்கள் எந்த அழகில் இருக்கின்றன என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு கண்டுபிடிப்புக் கருவியை வெளியிட்டது. இயந்திரம் எழுதியதில் 100க்கு 26ஐத்தான் அது பிடித்தது. மனிதர் எழுதியதில் 100க்கு 9ஐ இயந்திரம் எழுதியது என்றது. அதே ஆண்டு ஜூலையில், துல்லியம் போதவில்லை என்று அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். செய்தவர்களாலேயே கண்டுபிடிக்க முடியாததை வேறு யாரோ செய்த மென்பொருள் கண்டுபிடித்துவிட்டதாக நம்பி ஒரு மாணவியின் பெயரில் கோப்பு திறக்கிறார்கள்.

அமெரிக்காவின் வேண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 2023 ஆகஸ்டில், மாணவர் கட்டுரைகளைச் சரிபார்க்கும் 'டர்னிட்டின்' என்ற மென்பொருளில் இருந்த செயற்கை நுண்ணறிவுக் கண்டுபிடிப்பானை நிறுத்திவிட்டது. அதற்கு அவர்கள் போட்ட கணக்கு எளிமையானது. முந்திய ஆண்டில் அங்கு 75,000 கட்டுரைகள் அந்த மென்பொருளில் ஏறின. நிறுவனம் சொல்லும் 1 விழுக்காட்டுப் பிழையை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் சுமார் 750 கட்டுரைகள் மீது வீண்பழி விழுந்திருக்கும். நூற்றுக்கு ஒன்று என்றால் கேட்கச் சின்னதாக இருக்கிறது. அந்த ஒன்று நம் வீட்டில் இருந்தால்தான் தெரியும்.

இந்தக் கருவிகளில் பலவும் அடுத்து வரும் சொல்லை எவ்வளவு எளிதில் ஊகிக்க முடிகிறது என்பதைத்தான் பார்க்கின்றனவாம். பழகிய சொற்களில், தவறு வந்துவிடக் கூடாதே என்று பார்த்துப் பார்த்து எழுதுகிறவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். 2023இல் ஸ்டான்ஃபர்ட் ஆய்வாளர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கண்டுபிடிப்பான்களில் போட்டுப் பார்த்தார்கள். சராசரியாக 100க்கு 61 கட்டுரைகள் இயந்திரம் எழுதியவை என்று வந்தன. அத்தனையும் மனிதர் எழுதியவை.

பார்த்துப் பார்த்து எழுதச் சொன்னது யார்? நம் பிள்ளைகளுக்குத் தொடக்கநிலை மூன்றிலிருந்தே மாதிரிக் கட்டுரைப் புத்தகம், நல்ல சொற்றொடர்ப் பட்டியல். மழை பெய்தால் இப்படித் தொடங்கு, விபத்து என்றால் இப்படி முடி என்று துணைப்பாட வகுப்புகளில் மனப்பாடம் செய்ய வைத்தார்கள். தமிழ்க் கட்டுரைக்கும் அதே கதைதான். சொந்தமாக எழுதிய வரிக்குச் சிவப்பு மை, மனப்பாட வரிக்கு 'அருமை'. அதற்கு மாதாமாதம் நாங்கள் கட்டிய கட்டணத்தை நினைத்தால் வயிறு எரிகிறது. பத்து வருடம் ஒரே அச்சில் எழுதப் பழக்கிவிட்டு, உன் எழுத்து இயந்திரம் மாதிரி இருக்கிறதே என்று இருபது வயதில் கேட்பது என்ன நியாயம்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். "இதை யார் எழுதிக் கொடுத்தது?" என்ற கேள்வி எனக்குப் புதிதல்ல. 1994இல் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் ஆங்கிலத்தில் எழுதிய ஓர் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு என் மேலதிகாரி எல்லார் முன்னாலும் கேட்டார். நான் எழுதினது என்றேன். அவர் சிரித்தார். அன்று வாயை மூடிக்கொண்டேன். முப்பது வருடம் கழித்து அதே கேள்வி என் பிள்ளையிடம், இந்த முறை மென்பொருள் வழியாக வரும்போது என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

விதிமுறையாவது தெளிவாக இருக்கிறதா? இங்குள்ள பல்கலைக்கழகங்கள் பொதுவாக முழுத்தடை போடவில்லை. எதை அனுமதிப்பது என்பதைப் பெரும்பாலும் அந்தந்தப் பாடத்தை நடத்துபவரிடமே விட்டிருக்கிறார்கள். மகளின் ஒரு விரிவுரையாளர் தொடவே கூடாது என்கிறார். இன்னொருவர் பயன்படுத்தலாம், அதனிடம் கேட்ட கேள்விகளைப் பின்னிணைப்பாகக் கொடு என்கிறார். மூன்றாமவர் பயன்படுத்தினால்தான் மதிப்பெண் என்கிறார். சரி, எழுத்துப்பிழை திருத்தும் கிராமர்லி எந்தக் கணக்கில் சேர்த்தி? கூகலில் எதையாவது தேடினால் முதலில் வந்து நிற்பதே செயற்கை நுண்ணறிவின் பதில்தானே, அதைப் படித்தால் குற்றமா? கேட்டால் ஆளுக்கு ஒரு பதில்.

2025 ஜூனில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மூன்று மாணவர்களுக்குச் சுழியம் போடப்பட்டது ஊருக்கே தெரியும். மேற்கோள் பட்டியலை அகரவரிசைப்படுத்தும் கருவியைத்தான் பயன்படுத்தியதாக அவர்களில் ஒருவர் சொன்னார். இல்லாத மேற்கோள்கள் இருந்ததாகப் பல்கலைக்கழகம் சொன்னது. அதில் தீர்ப்புச் சொல்ல நான் யாருமில்லை. இல்லாத நூலை மேற்கோள் காட்டினால் தண்டிக்கட்டும், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் எந்தக் கருவி கருவி, எந்தக் கருவி குற்றம் என்பது பிள்ளை எழுத உட்காரும் முன்பே எழுத்தில் இருக்க வேண்டாமா?

நம் நாட்டுக்கு இது தெரியாத வேலை இல்லை. 2009இல் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் கணிதத்தின் இரண்டாம் தாளுக்குக் கால்குலேட்டரை அனுமதித்தபோது என் மகன் அந்த முதல் அணியில் இருந்தான். எந்தத் தாளுக்கு உண்டு, எந்தத் தாளுக்கு இல்லை, எந்தெந்த மாடல் செல்லும் என்று எல்லாப் பள்ளிக்கும் ஒரே விதி. பட்டியலைப் பார்த்துக் கடையில் வாங்கினோம். யாரும் யாரையும் சந்தேகப்படவில்லை.

அரசாங்கமோ எல்லாரையும் செயற்கை நுண்ணறிவு கற்றுக்கொள்ளச் சொல்கிறது. நாற்பதைத் தாண்டிய எங்களுக்கும் திறனை வளர்த்துக்கொள்ள 2024 மே மாதத்தில் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் 4,000 வெள்ளி கொடுத்தது. என் அலுவலகத்தில் மின்னஞ்சலைக்கூட அதைக் கொண்டு எழுது, நேரம் மிச்சம் என்கிறார்கள். நான் பகலில் அதைச் செய்துவிட்டு வீட்டுக்கு வருகிறேன். என் மகள் அதைச் செய்யவில்லை என்பதற்கு ஆதாரம் சேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

தங்கள் நாளிதழிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஆகஸ்டில் புதிய கல்வியாண்டு தொடங்கும் முன் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். நம் ஆறு தன்னாட்சிப் பல்கலைக்கழகங்களையும் அணுகி, மென்பொருள் காட்டும் எண்ணை மட்டும் வைத்து மதிப்பெண்ணைக் குறைப்பீர்களா, மாணவரை நேரில் கேட்ட பிறகா, மேல்முறையீடு யாரிடம், எத்தனை நாளுக்குள் என்று கேட்டு, கிடைக்கும் பதிலைத் தமிழில் போடுங்கள். ஆங்கில விதிமுறைப் பக்கங்களைப் படித்துப் புரிந்துகொள்ள முடியாத பெற்றோர் நம்மில் பலர் இருக்கிறார்கள். மின்னஞ்சல் வரும் இரவில் அவர்கள் பிள்ளைக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் நிற்பார்கள்.

கட்டுரையாளருக்கு என் வணக்கத்தைத் தெரிவியுங்கள். அடுத்த முறை எழுதும் முன், இப்படி அழைக்கப்பட்டு விடுவிக்கப்பட்ட ஒரு மாணவரிடமாவது அவர் பேச வேண்டும். என் மகள் பேசச் சம்மதித்திருக்கிறாள், பெயர் வராது என்ற உறுதி மட்டும் வேண்டும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
ஈசூன்