உதகை வீட்டில் பொருத்திய விறகுக் கணப்பு அடுப்பு: புகைக்குழாய்க் குறைபாடும் தவறான இயக்க அறிவுரையும் குறித்த புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர்
(பெயரும் முகவரியும் விலைப்பட்டியலில் உள்ளபடி),
உதகமண்டலம், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
தலைமை அலுவலகம், கோயம்புத்தூர்.

பொருள்: கணப்பு அடுப்பின் புகைக்குழாயைக் கையேட்டுக்கு மாறாகப் பொருத்தியது, ஆபத்தான இயக்க அறிவுரை தந்தது, உத்தரவாதத்தை மறுத்தது ஆகியவை தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

கடந்த அக்டோபர் மாதம் தங்கள் கோவை விற்பனையகத்தில் நான் வாங்கிய வார்ப்பிரும்புக் கணப்பு அடுப்பு, நவம்பர் முதல் வாரத்தில் தங்கள் ஆட்களாலேயே எங்கள் வீட்டுக் கூடத்தில் பொருத்தப்பட்டது. பொருத்திய சில வாரங்களிலேயே கூடத்தில் புகை தங்கத் தொடங்கியதையும், குழாய் இணைப்புகளிலிருந்து கரிய திரவம் சுவரில் வழிந்ததையும் தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் தெரிவித்தேன். டிசம்பரில் வந்து பார்த்த தங்கள் தொழில்நுட்பப் பணியாளர், “ஈர விறகு எரித்ததே காரணம், உத்தரவாதத்தில் அடங்காது” என்று ஆய்வுக் குறிப்பில் எழுதிவிட்டுப் போனார். அந்தக் குறிப்பை நான் ஏற்கவில்லை. ஏன் ஏற்கவில்லை என்பதையும், தங்களிடம் எதை எதிர்பார்க்கிறேன் என்பதையும் இக்கடிதத்தில் தெரிவிக்கிறேன்.

முதலில் விறகைப் பற்றியே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பழி முழுவதும் அதன் மேல்தான் போடப்பட்டிருக்கிறது. பச்சை மரத்தின் எடையில் பாதி அளவுக்கு நீர் இருக்கும் என்பதும், அந்த நீரை ஆவியாக்குவதிலேயே நெருப்பின் சூடு வீணாகும் என்பதும், ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழ் வந்த பிறகே விறகு எரிக்கத் தகுதியாகும் என்பதும் மலையில் இருக்கும் எங்களுக்குத் தெரியாத செய்திகள் அல்ல. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இங்கே அடுத்தடுத்து வருவதால், பிப்ரவரி முதல் மே வரை கிடைக்கும் வெயிலை விட்டால் விறகு காய வேறு காலம் இல்லை. நாங்கள் எரிப்பது விறகு டிப்போவில் வாங்கிப் பிளந்து, அந்த வெயிலில் காயவைத்து, தரையில் படாமல் சட்டத்தின் மேல் அடுக்கி, மேலே தகரமும் பக்கவாட்டில் காற்றும் இருக்கும்படி வைத்த சீகை மரமும் கற்பூர மரமும் ஆகும். தங்கள் பணியாளர் விறகுக் கொட்டகைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவர் போன பிறகு, தெரிந்த தச்சுப் பட்டறையிலிருந்து ஈரப்பதமானி ஒன்றை வாங்கி வந்து, கட்டைகளைப் புதிதாகப் பிளந்து உட்புறத்தில் முட்களை ஊன்றிப் பார்த்தோம். (வெளிப்புறத்தில் ஊன்றினால் எந்தக் கட்டையும் காய்ந்ததாகத்தான் காட்டும்.) பார்த்த கட்டைகள் அனைத்தும் 16 முதல் 19 வரையே காட்டின, படங்களை இணைத்துள்ளேன். அளக்காமலேயே ஈரம் என்று எழுதியது எந்த அடிப்படையில் என்பதைத் தாங்கள் எழுத்து மூலம் விளக்க வேண்டும்.

இனி, உண்மையான காரணமாக நான் கருதும் புகைக்குழாய்க்கு வருகிறேன். அடுப்புடன் வந்த கையேட்டில், அடுப்பின் மேற்புறத்திலிருந்து குழாயின் தலைமூடி வரை குறைந்தது 15 அடி உயரம் இருக்க வேண்டும் என்றும், குழாய் இயன்றவரை செங்குத்தாகவே செல்ல வேண்டும் என்றும், வளைவு தவிர்க்க முடியாத இடத்தில் 45 பாகைக்கு மேல் வளைக்கக் கூடாது என்றும், கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்துக்கு மேல் 3 அடியும், 10 அடி தொலைவுக்குள் உள்ள எந்தக் கூரைப் பகுதியையும் விட 2 அடி கூடுதலாகவும் உயர வேண்டும் என்றும் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. எங்கள் வீட்டிலோ, தகரக் கூரையைத் துளைத்தால் மழை ஒழுகும் என்று சொல்லி, தங்கள் ஆட்கள் குழாயைப் பலகை மச்சுக்குச் சற்றுக் கீழே படுக்கையாகத் திருப்பிச் சுவர் வழியே வெளியே எடுத்து, அங்கே மீண்டும் ஒரு ‘எல்போ’ வைத்து மேலே திருப்பி, கூரை முகட்டுக்கும் கீழாகவே நிறுத்திவிட்டார்கள். இரண்டு செங்கோண வளைவுகள், நான்கடிப் படுக்கைக் குழாய், மொத்தமாக ஒன்பதடிக்கு மேல் போகாத உயரம் என்றால் புகை எப்படி மேலே ஏறும்? கூரையில் மோதிச் சுழலும் காற்று, முகட்டுக்குக் கீழே நிற்கும் குழாயின் வாயில் புகையைத் திருப்பி அடிக்கிறது. கதவைத் திறந்து கட்டை வைக்கும் ஒவ்வொரு முறையும் கூடம் புகைமூட்டமாகிறது.

உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல்மட்டத்தோடு ஒப்பிட்டால் இங்குள்ள காற்றின் அடர்த்தி சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. குழாயின் இழுவையே உள்ளிருக்கும் சூடான புகைக்கும் வெளியிலிருக்கும் குளிர்ந்த காற்றுக்கும் இடையிலான எடை வேறுபாட்டால்தான் உண்டாகிறது என்பதால், மெலிந்த காற்றில் குழாய் இன்னும் உயரமாக இருக்க வேண்டுமே தவிர, குட்டையாக இருப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. அதற்கு மேல், உறைபனி படியும் இரவுகளில் வெளியே நிற்கும் குழாய் சில்லிட்டுப் போகிறது. விலைப்பட்டியலில் வெளிப்புறத்துக்கென்று வெப்பக்காப்பு அடைத்த இரட்டைச் சுவர்க் குழாய்க்குப் பணம் வாங்கியிருக்கிறீர்கள். பொருத்தியிருப்பதோ ஒற்றைச் சுவர்க் குழாய். புகை ஏறத்தாழ 120 பாகை செல்சியசுக்குக் கீழே குளிரும்போது அதிலுள்ள நீராவியும் எரியாத பொருள்களும் குழாயின் உட்சுவரில் தாராகப் படிகின்றன என்று அதே கையேடு எச்சரிக்கிறது. எங்கள் சுவரில் வழிந்தது அந்தத் தார்தான்.

அது வெளியே வழிந்ததற்கும் ஒரு காரணம் உண்டு, அதைக் கண்டுபிடித்தவர் எங்கள் பக்கத்து வீட்டில் வேலை செய்ய வந்த ஒரு கொத்தனார். குழாய்த் துண்டுகளை ஒன்றோடொன்று செருகும்போது, சிறுத்த முனை கீழ்நோக்கி, அடுப்பின் பக்கமாக இருக்க வேண்டும். அப்போது உள்ளே படியும் தார் எங்கும் வெளியேறாமல் கீழே வழிந்து நெருப்பிலேயே எரிந்துவிடும். தங்கள் ஆட்கள் எல்லாத் துண்டுகளையும் தலைகீழாகச் செருகியிருக்கிறார்கள். இணைப்பு ஒவ்வொன்றிலும் கரிய கோடு இறங்கியிருப்பதைப் படத்தில் காணலாம். தொழில் தெரிந்தவர்கள் செய்த வேலை என்று இதை எப்படிச் சொல்வது?

குழாயின் குறைபாட்டை இருமடங்காக்கியது தங்கள் ஆட்கள் சொல்லிக்கொடுத்த இயக்கமுறை. “இரவு படுக்கும்போது பெட்டி நிறையக் கட்டை போட்டுக் காற்றுத் துவாரத்தை முழுவதும் மூடிவிடுங்கள், விடியும் வரை கணகணவென்று இருக்கும்” என்று அவர்கள் சொன்னதை என் அண்ணன் கைப்பேசியில் பதிவு செய்திருக்கிறார். விற்பனையகத்திலும் இதையே இந்த அடுப்பின் பெருமையாகச் சொன்னார்கள். கையேடு இதற்கு நேர் எதிராகப் பேசுகிறது. விறகின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு சூட்டில் வாயுவாக வெளியேறுகிறது; அந்த வாயு முழுமையாக எரியச் சுமார் 600 பாகை வெப்பமும் போதிய காற்றும் வேண்டும். காற்றை அடைத்துவிட்டால் கட்டை எரியாமல் கருகிக்கொண்டே இருக்கும்; விறகுக்குக் கொடுத்த பணத்தில் பெரும்பகுதி புகையாகவும் தாராகவும் குழாய்க்குள் போய்ச் சேரும். சிறு கட்டைகளை அளவாக வைத்துச் சுடர் தெரிய எரிப்பதும், மேலே சிராயும் சுள்ளியும் அடுக்கி உச்சியிலிருந்து பற்றவைப்பதும், சுடர் நிலைத்த பிறகே காற்றைச் சிறிது சிறிதாகக் குறைப்பதும், குழாயில் ஒட்டும் வெப்பமானியைப் பார்த்துச் சூட்டை நடுநிலையில் வைப்பதும் கையேட்டில் வரிசையாக இருக்கின்றன. வெப்பமானியைத் தங்கள் ஆட்கள் தரவே இல்லை. அடுப்பு வந்த அட்டைப் பெட்டிக்குள் இருக்க வேண்டிய பொருள்களின் பட்டியலில் அது இருக்கிறது.

அந்தக் கையேடும் ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கிறது. வீட்டில் அடுப்பை அன்றாடம் மூட்டுபவர் ஆங்கிலம் படிக்காத என் தாயார். நீலகிரியில் விற்கும் பொருளுக்குத் தமிழில் நான்கு பக்கம் அச்சிட்டுத் தருவது தங்களுக்குப் பெரிய செலவாக இருந்திருக்காது. இரவில் காற்றை மூடச் சொன்னது தவறு என்று நான் கையேட்டைப் படித்து அவருக்குச் சொல்வதற்குள், சில வாரங்களின் தார் குழாயில் ஏறிவிட்டது.

இப்போது என்னை மிகவும் கவலைப்படுத்தும் இரண்டு செய்திகள். படுக்கையாகத் திரும்பும் குழாய்க்கும் பலகை மச்சுக்கும் இடையே நான்கு விரற்கடை இடைவெளிதான் இருக்கிறது; ஒற்றைச் சுவர்க் குழாய்க்கு, எரியக்கூடிய எந்தப் பொருளிலிருந்தும் 18 அங்குலம் விட வேண்டும் என்கிறது கையேடு. குழாய்க்கு நேர் மேலே பலகைகள் கெட்டித் தேயிலைச் சாயம் ஏறியதுபோல் பழுத்திருக்கின்றன, விளிம்பைக் கையால் தேய்த்தால் கரி ஒட்டுகிறது. நெடுநாள் சூடுபட்ட மரம் வரவர எளிதில் தீப்பற்றும். குழாயின் உட்புறத்தில் தார் பளபளக்கும் கருப்புக் கண்ணாடிப் படலமாக இறுகியிருக்கிறது. அது தீப்பற்றினால் குழாய்க்குள் வெப்பம் 1,000 பாகையைத் தாண்டக்கூடும். அந்த நிலையில் மேலே இருக்கும் பழைய பலகைகள் என்னவாகும் என்று நான் எழுதத் தேவையில்லை.

அடுத்தது, காற்றுத் துவாரத்தை அடைத்து வைத்த இரவுகளுக்குப் பிறகு, கூடத்தை ஒட்டிய அறையில் படுக்கும் என் தாயாருக்குக் காலையில் தலைவலியும் குமட்டலும் இருந்தன. வெளியே வந்து சிறிது நேரம் நின்றால் சரியாகிவிடும். புகை வாயுவே காரணமாக இருக்கலாம் என்று மருத்துவர் எச்சரித்த நாளிலிருந்து அடுப்பை மூட்டவில்லை; அதன் பிறகு அந்தத் தொல்லையும் இல்லை. புகையோடு வரும் கார்பன் மோனாக்சைடு என்ற அந்த நச்சு வாயுவுக்கு நிறமோ மணமோ கிடையாது. குளிருக்காக மூடிய அறையில் கரி மூட்டி உறங்கியவர்கள் உயிரிழந்த செய்திகள் மலைப்பகுதிகளிலிருந்து வந்துகொண்டேதான் இருக்கின்றன. இதை அறிந்தும், காற்று வருவதற்குச் சுவரில் ஒரு துவாரமோ, அந்த வாயுவைக் கண்டு ஒலிக்கும் கருவியோ வேண்டும் என்று தங்கள் ஆட்கள் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. சன்னல் இடுக்குகளில் காற்று வருகிறதே என்று நான் கேட்டதற்கு, அவற்றையும் அடைத்துவிட்டால் சூடு நிற்கும் என்றுதான் பதில் வந்தது.

அடுப்புக் கதவின் விளிம்பைக் காற்றுப் புகாமல் அடைக்கும் வெப்பந்தாங்கும் கயிற்றிலும் குறை இருக்கிறது. ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தால் அது இறுகப் பிடித்து நிற்க வேண்டும். எங்கள் அடுப்பின் கீழ்மூலையில் தாள் வழுக்கிக்கொண்டு வருகிறது.

ஆகவே, தற்போதுள்ள குழாயை முழுவதுமாகக் கழற்றி, கூரை வழியே செங்குத்தாக, உரிய உயரத்துக்கு, பணம் வாங்கிய அதே இரட்டைச் சுவர்க் குழாயைக் கொண்டு புதிதாகப் பொருத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். கூரைத் துளையில் மழைநீர் இறங்காத காப்பும், பலகை மச்சைக் கடக்கும் இடத்தில் வெப்பத் தடுப்பும் அதில் அடங்க வேண்டும். இறுகிய தாரைத் தூரிகையால் அகற்ற முடியாது என்பதால், பழைய குழாயைத் துடைத்து மீண்டும் பொருத்துவதை ஏற்கமாட்டேன். கருகிய பலகைகளையும் கறைபடிந்த சுவரையும் தங்கள் செலவில் சீர்செய்ய வேண்டும். கதவுக் கயிற்றை மாற்றி, விடுபட்ட வெப்பமானியைத் தந்து, கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றையும் பொருத்த வேண்டும். வேலை முடிந்ததும், அடுப்பை மூட்டும் முறை, சாம்பல் அள்ளும் முறை உள்பட அனைத்தையும் என் தாயாருக்குத் தமிழில் செய்து காட்டி, எழுதியும் தர வேண்டும். (நீறு பூத்த தணல் ஒரு நாளுக்கு மேலும் அணையாமல் கிடக்கும், தங்கள் ஆட்கள் சாம்பலைப் பழைய அட்டைப் பெட்டியில் அள்ளி வைத்துவிட்டுப் போனதை நாங்கள்தான் வெளியே எடுத்தோம்.) “ஈர விறகு” என்ற ஆய்வுக் குறிப்பைத் திரும்பப் பெற்றதாக எழுத்து மூலம் உறுதி வேண்டும். இவற்றைச் செய்ய இயலாதெனில், அடுப்பை எடுத்துக்கொண்டு, பொருத்துகூலி உள்பட முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும்.

இதே ஆட்கள் குன்னூரிலும் கோத்தகிரியிலும் இவ்வாறே பொருத்தி வருவதாகப் பேச்சுவாக்கில் சொன்னார்கள். அந்த வீடுகளையும் இந்தக் குளிர்காலம் முடிவதற்குள் சென்று பார்க்குமாறு வேண்டுகிறேன். அங்கும் பலகை மச்சுகள்தான் இருக்கும்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சேவைக் குறைபாட்டுக்கு மட்டுமல்லாமல், சரியாகப் பயன்படுத்தும் முறையையும் தவறான பயன்பாடு குறித்த எச்சரிக்கையையும் போதிய அளவில் தராத பொருளால் விளையும் தீங்குக்கும் பொறுப்பு வகுத்திருக்கிறது. இக்கடிதம் கிடைத்த 15 நாள்களுக்குள் தங்கள் பதிலும் வேலைக்கான தேதியும் வராவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வதோடு, நான் வசிக்கும் நீலகிரி மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலும் முறையிடுவேன். அதுவரை அடுப்பு மூட்டப்படாது. குழாயும் பலகைகளும் தங்கள் ஆய்வுக்காக இருக்கிறபடியே இருக்கும். வருபவர் பொருத்திய குழுவைச் சேராதவராகவும், ஈரப்பதமானி கையில் உள்ளவராகவும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
வாடிக்கையாளர்

இணைப்பு: விலைப்பட்டியல் நகல், ஆய்வுக் குறிப்பின் நகல், கையேட்டில் குழாய் பொருத்தும் பக்கங்களின் நகல், குழாய் இணைப்புகள், பலகை மச்சு, ஈரப்பதமானி அளவீடுகள் ஆகியவற்றின் படங்கள், பொருத்திய நாளன்று எடுத்த ஒலிப்பதிவு, மருத்துவரின் சீட்டு நகல்.