லூக்கா 13, நாலாம் வசனத்தில் உன் விரல்

தம்பிக்கு,

இன்றைக்கு மார்ச் 28. மாண்டலேயில் உன் சித்தி வீட்டைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். உனக்குத் தெரியும், இதை வாசிக்கப்போகிற சபையாருக்கு அது வேண்டாம்.

போன வருஷம், 2025இல், இதே நாளில் இங்கே மியான்மரில் நிலநடுக்கம் வந்தது வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் நீ லூக்கா 13ஐத் திறந்து, நாலாம் வசனத்தில் விரலை வைத்துக்கொண்டு கேட்டாய்: "சயாமா (பர்மிய மொழியில் ஆசிரியை), சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் இல்லை என்கிறார் இயேசு. அதே மூச்சில், மனந்திரும்பாவிட்டால் நீங்களும் அப்படியே கெட்டுப்போவீர்கள் என்கிறார். இது ஆறுதலா, எச்சரிப்பா?"

உன் விரல் எங்கே இருந்ததென்று நான் பார்க்கவே இல்லை. "பாவத்தின் சம்பளம் மரணம்" என்றேன். விசுவாசம் குறைந்தால்தான் இப்படிக் கேள்வி வரும் என்றும் சொன்னேன். மன்னித்துவிடு. முந்தின வாரம்தான் லெந்து நாட்களின் (ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலம்) வாசிப்பு அட்டவணைப்படி அதே பகுதியை ஆலயத்தில் வாசித்தோம். நீ கவனித்துக் கேட்டிருக்கிறாய்.

அன்றைக்குப் பிள்ளைகள் அழுதுகொண்டிருந்தார்கள், அறையின் அமைதி எனக்குப் பயமாக இருந்தது. பயத்தில் வசனத்தை எடுத்தால் பாதிதான் கையில் வரும். நான் சொன்னது ரோமர் 6:23இன் பாதி, மறுபாதி தேவனுடைய கிருபைவரம். எல்லாவற்றையும் இழந்து துக்கத்தில் இருந்த யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தவரை நன்றாகவே இருந்தார்கள். விளக்கம் சொல்லப் போய்த்தான் கெட்டார்கள்.

ஆனால் நீயும் ஒரு வருஷமாக முகம் காட்டவில்லையே! உன் அம்மாவிடம் சொல்லியனுப்பியதற்கும் பதில் இல்லை. இயேசு உயிர்த்தெழுந்ததைக் கண்ணால் காணாமல் விசுவாசிக்கமாட்டேன் என்று சொன்ன சீஷன் தோமா எட்டு நாள் கழித்தும் அதே வீட்டுக்குள்தான் இருந்தான். கேட்டவனுக்கும் காத்திருக்கிற பங்கு உண்டு. சரி, தோமாவை மற்றப் பத்துச் சீஷரும் விசுவாசம் குறைந்தவன் என்று சொல்லித் துரத்தவில்லை. நான் சொன்னேன்.

நாம் இருவருமே ஐந்தாம் வசனத்தில் நிறுத்திவிட்டோம். அடுத்த நாலு வசனம் அத்திமர உவமை. மூன்று வருஷம் கனியில்லை, வெட்டிப்போடு என்கிறான் சொந்தக்காரன். "இந்த வருஷமும் இருக்கட்டும்", சுற்றிலும் கொத்தி எருப்போடுகிறேன் என்கிறான் தோட்டக்காரன். எச்சரிப்பும் உண்டு, தவணையும் உண்டு. செத்தவர்களின் பாவத்தை எண்ணாதே, உயிரோடிருக்கிறவர்களுக்கு மண்ணைக் கொத்து என்றுதான் நான் இதை வாசிக்கிறேன். மரம் காய்த்ததா என்று லூக்கா சொல்லவில்லை. இது உனக்கு முழுப்பதில் ஆகாது.

இனிமேல் கேள்விகளுக்கென்று ஒரு நேரம் வைக்கிறோம், அதில் மூப்பர்கள் சம்மதித்ததை மட்டும் எழுதுகிறேன். ஆராதனை முடிந்து 40 நிமிஷம். கேள்வியைப் பெயர் போடாமல் தாளில் எழுதிப் பெட்டியில் போடலாம். முதல் வாரம் யாரும் பதில் சொல்லக்கூடாது. வசனத்துக்கு முன்னும் பின்னும் பத்து வசனம், தமிழில் ஒருமுறை, பர்மிய வேதாகமத்தில் ஒருமுறை சத்தமாக வாசிப்போம். பிறகு பிரிப்போம்: இது அர்த்தம் தெரியாத கேள்வியா, வலிக்கிற கேள்வியா? வலிக்கிற கேள்விக்கு விளக்கம் கிடையாது. சங்கீதம் 13ஐ வாசிப்போம். இரண்டே வசனத்தில் நாலு முறை "எதுவரைக்கும்" என்று கேட்கிற ஜெபம் அது. தெரியவில்லை என்று சொல்கிற ஆசிரியர் அடுத்த வாரம் படித்துவிட்டு வரவேண்டும்.

இந்த ஊருக்கு இது புதிதல்ல. 1813இல் ரங்கூனுக்கு வந்த அமெரிக்க மிஷனரி ஜட்சன், 1819இல் பாதையோரம் ஒரு ஸயாட் (வழிப்போக்கர் தங்கும் திறந்த மண்டபம்) கட்டி, கேட்க வருகிறவர்களுக்காக உட்கார்ந்தார். அவர் முதல் ஞானஸ்நானம் கொடுத்ததும் அந்த வருஷம்தான்.

ஏப்ரல் 12, ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு தொடங்குகிறோம். அன்றைய வாசிப்பு தோமா. உன் கேள்வியை நானே எழுதிப் பெட்டியில் போட்டிருக்கிறேன், பெயரில்லாமல். வார்த்தை தப்பியிருந்தால் வந்து திருத்து.

சயாமா