எந்த ஊசி என்று சொல்லி அனுப்புங்கள்

விலங்கு கடித்து வருகிறவர்களுக்குக் காயம் கட்டி ஊசி போடும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் வணக்கம்.

"ஊசி போட்டாச்சு." என் அக்கா போனில் சொன்னது இவ்வளவுதான். அவளுடைய மகனை நாய் கடித்து மூன்று நாள் ஆகியிருந்தது. எட்டு வயதுப் பையன், கெண்டைக்காலில் இரண்டு பல் இறங்கியிருந்தது. ஊசி போட்டாகிவிட்டது என்றதும் எனக்கும் நிம்மதி. வேறு பேச்சுக்குப் போய்விட்டோம்.

மறுநாள் அவனைப் பார்க்கப் போனேன். "அடுத்த ஊசி என்றைக்கு?" என்று கேட்டேன். "அடுத்ததா? ஒன்றுதானே, அது முடிஞ்சுதே" என்றாள். சீட்டை வாங்கிப் பார்த்தேன். வலி மாத்திரை, ஆன்டிபயாட்டிக், அதற்கு மேலே டி.டி. என்று இரண்டே எழுத்து. அது இரண ஜன்னிக்கான ஊசி. நாய்க்கடி ஊசி பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அதை வேறு இடத்தில் போய்ப் போட்டுக்கொள்ளச் சொன்னார்களா, சொல்லாமலே விட்டார்களா, எனக்குத் தெரியாது. சொல்லியிருந்தாலும், கதறுகிற பிள்ளையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவளின் காதில் அது ஏறவில்லை. அன்று மாலையே அவனை இன்னொரு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். காயத்தைச் சுற்றி, நோயை உடனே எதிர்க்கும் ஆயத்த எதிர்ப்பொருளான இம்யூனோகுளோபுலின் போட்டார்கள், ரேபிஸ் என்கிற வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பூசியைத் தொடங்கினார்கள். எல்லா ஊசியும் முடிந்து இன்று அவன் நன்றாக இருக்கிறான். ஆனால் அன்று நான் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால்? அதை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

கடி ஒன்றுதான், நோய்கள் வேறு வேறு. இது உங்களுக்குப் பாலபாடம். ஆனால் வாசலில் நிற்கும் தாய்க்கு ஊசி என்றால் ஊசிதான். ரேபிஸ் வைரஸால் வருவது. கடித்த விலங்கின் எச்சிலோடு உள்ளே போய், நரம்பைப் பிடித்துக்கொண்டு மூளையை நோக்கி மெல்ல ஏறும். டெட்டனஸ் என்கிற இரண ஜன்னி பாக்டீரியாவால் வருவது. அது மண்ணிலும் விலங்குகளின் சாணத்திலும் வித்தாகக் கிடந்து, காற்றுப் புகாத ஆழமான காயத்துக்குள் போனதும் நஞ்சைச் சுரக்கும். ஒன்றுக்கான மருந்து மற்றதைத் தொடக்கூடத் தொடாது. வெறிநாய் கடித்த ஒன்பது வயது ஜோசப் மைஸ்டருக்கு லூயி பாஸ்டரின் தடுப்பூசி போடத் தொடங்கியது 1885 ஜூலை 6-ஆம் தேதி. டெட்டனஸ் நஞ்சை முறிக்கும் சீரத்தை பெரிங், கிடசாட்டோ என்ற இரண்டு விஞ்ஞானிகள் கண்டறிந்தது 1890-இல். அன்றிலிருந்தே இரண்டும் இரண்டு தனி வழி.

இந்தக் குழப்பத்தில் கொடுமை எங்கே என்றால், நோய் உடனே தலைகாட்டாது. ரேபிஸ் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் பதுங்கியிருக்கும். சிலருக்கு ஒரு வாரத்திலும் வரலாம், ஓர் ஆண்டுகூட ஆகலாம். டி.டி. மட்டும் போட்ட பிள்ளை மறுவாரமே ஓடியாடி விளையாடுவான். காயம் ஆறிவிடும். வீட்டில் எல்லோரும் ஊசி வேலை செய்துவிட்டது என்று நம்பிவிடுவார்கள். அப்புறம் ஒருநாள் ஆறிப்போன தழும்பில் குறுகுறுப்பும் எரிச்சலும் தொடங்கும். தண்ணீர் குடிக்கப் போனால் தொண்டை இறுகும். அந்தக் கட்டத்துக்கு வந்தவர்களில் பிழைத்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இப்படிச் சாகிறார்கள். சந்தேகத்துக்குரிய விலங்கிடம் கடிபடுகிறவர்களில் 40 சதவீதம் பேர் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள்.

டி.டி.யை நான் குறைத்துச் சொல்லவில்லை. நாய்க்கடி ஊசியை ஒழுங்காகப் போட்டுவிட்டு இதை மறந்துவிடுகிறவர்களும் உண்டு. பூனைக்கடியைப் பாருங்கள். மேலே ஊசி குத்தியது போலத்தான் தெரியும், ஆனால் பல் ஆழமாக இறங்கியிருக்கும். மேல்தோல் சீக்கிரமே மூடிக்கொண்டுவிடும், டெட்டனஸ் கிருமிக்கு அதைவிட வசதியான இடம் வேண்டியதில்லை. அந்த நோய் வந்தால் தாடை பூட்டிக்கொள்ளும், சிறு சத்தம் கேட்டால்கூட உடம்பு வில்லாக வளைந்து இழுக்கும். ஒருமுறை வந்து பிழைத்தவருக்குக்கூட எதிர்ப்புச் சக்தி வராது. ஆகவே கடைசி டி.டி. எப்போது போட்டது என்று கேளுங்கள். ஐந்து ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தால் போடுங்கள். போட்டுவிட்டு, "இது வெறிநாய்க்கடிக்கான ஊசி இல்லை" என்று கட்டாயம் சொல்லுங்கள். பிள்ளை அழுகிற நேரத்தில் வேண்டாம், அழுகை அடங்கியபின் ஒருமுறை சொல்லுங்கள். கேட்டவரையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

இன்னொன்று, கழுவுவது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் என்பது உங்கள் பாடத்திலேயே இருக்கிறது. எங்கள் பையனின் காயத்தை ஈரப்பஞ்சால் இரண்டு தடவை ஒற்றிவிட்டுக் கட்டுப்போட்டார்கள். கூட்டம் நெருக்கும்போது 15 நிமிடம் எவ்வளவு நீளம் என்பது எனக்கும் புரிகிறது. உங்களுக்கு நேரமில்லை என்றால் எங்களைக் குழாயடிக்கு அனுப்புங்கள். கடிகாரத்தைக் காட்டி, இந்த முள் இங்கே வரும்வரை கழுவுங்கள் என்று சொல்லுங்கள், நாங்கள் கழுவுகிறோம். வைரஸ் நரம்பில் ஏறுவதற்கு முன்னால் காயத்திலேயே அதைக் குறைக்கிற வேலை அது. வேறு எந்த மருந்தும் அந்தக் கழுவலை ஈடுகட்டாது.

உங்களிடம் ரேபிஸ் தடுப்பூசியோ இம்யூனோகுளோபுலினோ இல்லாமல் இருக்கலாம். அது உங்கள் குற்றமில்லை. ஆனால் எங்கே இருக்கிறது என்று விசாரித்துச் சொல்லி, இன்றைக்கே போகச் சொல்லுங்கள். "நாயைப் பத்து நாள் பார்ப்போம்" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். நாயைக் கவனிப்பது ஊசியைத் தொடங்கியபின் செய்ய வேண்டியது. கடித்துச் சில வாரம் கழித்து ஒருவர் வந்தாலும் இனிமேல் பயனில்லை என்று திருப்பி அனுப்பாதீர்கள். அறிகுறி வராதவரை தொடங்கலாம்.

நான் கேட்பது ஒரு சின்னச் சீட்டு. டி.டி. போட்ட தேதி ஒரு வரியில். ரேபிஸ் ஊசி போட்டாயிற்றா, இல்லையா என்பது அடுத்த வரியில். இல்லையென்றால் எங்கே, எப்போது போக வேண்டும் என்பது மூன்றாவது வரியில். தொடங்கியிருந்தால், முதல் நாளை 0 என்று வைத்து அடுத்தடுத்த ஊசிகளுக்கான தேதிகள். 3-ஆம் நாள், 7-ஆம் நாள் என்று எழுதாமல் நாட்காட்டியில் இருக்கும் தேதியாகவே எழுதுங்கள். பெரிய எழுத்தில், எங்கள் மொழியில். அக்கா அதைக் கதவில் ஒட்டிவைத்திருப்பாள்.

அன்புடன்,
அந்தப் பையனின் சித்தி