குளிரைக் காட்டி வெப்பமாதலை மறுக்கலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சிகாகோவில் கடுங்குளிர் வரும்போதெல்லாம், "புவி வெப்பமாதல் எங்கே போயிற்று?" என்று நண்பர்கள் கேட்பது எனக்கு உண்மையாகவே வேதனை அளிக்கிறது. 2019 ஜனவரி இறுதியில் இங்கு வெப்பநிலை மைனஸ் 30 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியபோது, தண்டவாளங்கள் பிரியும் இடங்களில் பனி இறுகாதிருக்க வாயுத் தீ எரிந்துகொண்டிருந்ததையும், மூச்சின் ஈரம் உறைந்து என் கழுத்துத் துணி அட்டைபோல் விறைத்ததையும் நான் மறக்கவில்லை. ஆனால் அதே மாதம்தான் ஆஸ்திரேலியா, பதிவுகள் தொடங்கிய பின் மிக வெப்பமான ஜனவரியைக் கண்டது. வடதுருவத்தைச் சுற்றி உயரத்தில் வீசும் குளிர்க்காற்று வளையமான துருவச் சுழல் நிலைகுலையும்போது ஆர்க்டிக் காற்று தெற்கே இறங்குகிறது. வெப்பமாதல் அதை அடிக்கடி நிகழச் செய்கிறதா என்பதில் விஞ்ஞானிகளிடையே கருத்து வேறுபாடு உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. உலகச் சராசரி வெப்பநிலை உயர்கிறது என்பதில் அந்த வேறுபாடு இல்லை. குளிர்ச் செய்திகளுக்கு அருகிலேயே அந்தச் சராசரியையும் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சிகாகோ