விளையாட்டு அணி உரிமையாளர்களின் வருவாயில் இளையோர் திடல்களுக்குப் பங்கு கோரும் மனு

அனுப்புநர்
ஊர்த் திடல்களில் சிறார்களுக்குப் பயிற்சி அளிக்கும் பயிற்றுநர்கள், உடற்கல்வி ஆசிரியர்கள், திடல் பராமரிப்பாளர்கள்.

பெறுநர்
அரசுச் செயலாளர் அவர்கள்,
இளைஞர் நலன் மற்றும் விளையாட்டு மேம்பாட்டுத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: தனியார் லீக் அணிகள் – அரசு அரங்கம் மற்றும் அரசு நில ஒப்பந்தங்களில் இளையோர் விளையாட்டு நிதிக்கான விதி சேர்த்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். சென்னையின் பெயரையும் தமிழ்நாட்டின் பெயரையும் தாங்கி கிரிக்கெட், கால்பந்து, கபடி லீக்குகளில் ஆடும் அணிகள் தனியாருக்குச் சொந்தமானவை. ஊர்ப் பெயரும் ரசிகர் கூட்டமும் பொது அரங்கமும் இல்லாவிட்டால் அந்தச் சொத்துக்கு இன்றைய மதிப்பு கிடையாது. அந்த அணிகளின் வருவாயில் ஒரு பங்கு, பிள்ளைகள் மாலையில் விளையாடும் திடல்களுக்கு வந்து சேர வேண்டும். அது உரிமையாளர் மனமுவந்து தரும் நன்கொடையாக இருக்கக் கூடாது. அரங்கத்தைக் கொடுக்கும்போதே கையெழுத்தாகும் ஒப்பந்தக் கடமையாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

"அதற்குத்தான் சி.எஸ்.ஆர். (நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி) இருக்கிறதே" என்ற பதில் வழக்கமாக வருவதால் முதலில் அதைப் பார்த்துவிடலாம். கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135-இன்படி, முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். எந்தப் பணிகளுக்குச் செலவிடலாம் என்று சொல்லும் அச்சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் ஊரக விளையாட்டு, தேசிய அங்கீகாரம் பெற்ற விளையாட்டு, பாராலிம்பிக், ஒலிம்பிக் விளையாட்டுகளுக்கான பயிற்சியும் இடம்பெற்றிருக்கிறது. ஆனால் கணக்கு லாபத்தின் மேல் போடப்படுகிறது. அணியை நடத்தும் நிறுவனம் நஷ்டக் கணக்கு காட்டினால் 2 விழுக்காடு என்பது சுழி. கால்பந்து அணிகள் பலவற்றின் நிலை இதுதான். அணி ஒரு பெரிய குழுமத்தின் கிளையாக இருந்தால், தாய் நிறுவனத்தின் பணம் அதன் தொழிற்சாலை இருக்கும் பகுதிக்கோ வேறு துறைக்கோ போய்விடும். தான் செயல்படும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று அதே பிரிவு சொன்னாலும், நடைமுறையில் அது வழிகாட்டுதலாகவே கொள்ளப்படுகிறது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. 2021-இல் திருத்தப்பட்ட சி.எஸ்.ஆர். விதிகளின்படி, வேறொரு சட்டத்தின் கீழ் கட்டாயமாகச் செய்ய வேண்டியதை சி.எஸ்.ஆர். கணக்கில் காட்ட முடியாது. விளம்பரப் பயனுக்காகச் செய்யும் ஸ்பான்சர்ஷிப்பையும் காட்ட முடியாது. எனவே, இரண்டையும் கலக்காமல் தனித்தனி வாய்க்கால்களாக வைப்பதே சரி என்று கருதுகிறோம். ஒன்று, அரங்க வாடகை ஒப்பந்தத்தில் வரும் கட்டாயப் பங்கு. இது லாபம், நஷ்டம் எதையும் பார்க்காது. மற்றொன்று, அதற்கு மேல் நிறுவனங்கள் விரும்பித் தரும் சி.எஸ்.ஆர். நிதி.

இப்படி நிபந்தனை விதிப்பது புதிதல்ல. ஜெர்மனியில் 2001 முதல் முதல்நிலைக் கால்பந்து அணிகள் இளையோர் பயிற்சி மையம் நடத்தியே ஆக வேண்டும்; இல்லாவிட்டால் உரிமம் கிடைக்காது. பிரிட்டனில் 2000-இல் தொடங்கிய ஃபுட்பால் ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளைக்கு பிரீமியர் லீக், கால்பந்துச் சங்கம், அரசு மூன்றும் பணம் தருகின்றன. அது ஊர்த் திடல்களுக்குச் செல்கிறது. வீரர் ஒருவர் ஒப்பந்தக் காலத்துக்குள் வேறு நாட்டு அணிக்கு விற்கப்படும்போது, அந்தத் தொகையில் 5 விழுக்காட்டை, 12 முதல் 23 வயது வரை அவரை வளர்த்த கிளப்புகளுக்குப் பகிர வேண்டும் என்பது ஃபிஃபாவின் விதி.

பங்கை எதன் மேல் கணக்கிடுவது என்பதில்தான் பெரும்பாலும் ஓட்டை விழும். நுழைவுச்சீட்டின் மொத்த வசூலில், ஜி.எஸ்.டி. நீங்கலாக, 3 விழுக்காடு என்று நிர்ணயிக்கக் கோருகிறோம். இலவச பாஸ்களையும் அந்தந்த வரிசையின் சீட்டு விலைக்கே கணக்கில் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் வசூல் குறைந்து, பாஸ் பெருகிவிடும். மைதானத்துக்குள் ரசிகர்கள் குறைவாக வரும் லீக்குகளுக்கு இது போதாது. அவற்றின் வருவாய் ஒளிபரப்பு உரிமையிலும் ஜெர்சி விளம்பரத்திலும் இருக்கிறது. ஆகவே, ஆட்டம் ஒன்றுக்கு அரங்கத்தின் ஒரு நாள் வாடகையில் 20 விழுக்காடு, சீட்டு வசூலில் 3 விழுக்காடு, இவற்றில் எது அதிகமோ அது என்று எழுத வேண்டும்.

யாரிடம் வசூலிப்பது என்பதும் இடத்துக்கு இடம் மாறும். சென்னை நேரு விளையாட்டு அரங்கம் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்கு உரியது. அங்கே ஆடும் அணியுடன் நேராகவே ஒப்பந்தம் போடலாம். சேப்பாக்கத்தில் நிலம் அரசுடையது, குத்தகைதாரர் கிரிக்கெட் சங்கம், ஆடுவது தனியார் அணி. அத்தகைய இடங்களில் குத்தகையைப் புதுப்பிக்கும்போது, "உள்வாடகைக்கு எடுக்கும் அணியிடமும் இவ்விதியைக் குத்தகைதாரர் எழுதி வாங்க வேண்டும்" என்ற வரி இருந்தால்தான் கடமை அணியின் தலையில் இறங்கும்.

வந்த பணம் எப்படிச் செலவாகிறது என்பதுதான் எங்கள் முதல் கவலை. இப்போது அணிகள் செய்வது பெரும்பாலும் ஒரு நாள் முகாம். வீரர்கள் வருவார்கள், பிள்ளைகளுக்குச் சின்னம் பொறித்த பனியன் கிடைக்கும், படம் எடுப்பார்கள். மறுநாள் திடல் பழையபடியே கிடக்கும். அடுத்தது திறமை வேட்டை: ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வரிசையில் நின்று பத்துப் பேர் தேர்வாவார்கள். அது அணிக்கு ஆள் எடுப்பது; ஊருக்குச் செய்வது அல்ல. அணியின் பெயரில் கட்டணம் வாங்கி நடக்கும் அகாடமியும் அப்படித்தான். இம்மூன்றையும் இந்தக் கடமையின் கணக்கில் ஏற்கக் கூடாது.

பொருளாகக் கொடுப்பதிலும் தவறுகள் நேர்கின்றன. கபடிக் களத்தில் விரிக்கும் 'மேட்' என்ற விரிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்கள் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். ஒரு மீட்டர் சதுரத் துண்டுகள் என்றால் களத்துக்கு மட்டும் 130 வேண்டும். வெளியே கால் வைக்கும் ஓரத்துக்குக் கூடுதலாக வேண்டும். துண்டுகள் பற்களால் ஒன்றோடொன்று கோத்துக்கொள்பவை. இவற்றை அடுக்கி வைக்க அறை இல்லாத ஊரில் மேட் வெயிலிலேயே கிடக்கும். பற்கள் தளர்ந்து மூலைகள் மேலே சுருளும். ரெய்டு போகும் பிள்ளையின் கால் விரல் அந்த விளிம்பில்தான் மாட்டுகிறது. கணுக்கால் பிசகுவது அங்கேதான். மண்ணில் வெறுங்காலோடு ஆடிப் பழகியவர்களுக்கு மேட்டில் ஷூ வேண்டும் என்பதும் கொடுப்பவர்களுக்குத் தோன்றுவதில்லை. மேட் தருவதானால் பூட்டும் அறை, ஷூ, மொத்தத் துண்டுகளில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு உதிரித் துண்டுகள் ஆகியவற்றைச் சேர்த்தே தர வேண்டும்.

கால்பந்து கோல் கம்பம் உயிர் சம்பந்தப்பட்டது. நகர்த்தக்கூடிய இரும்புக் கம்பத்தைத் தரையில் பிணைக்காமல் விட்டால், சிறுவன் ஒருவன் குறுக்குச் சட்டத்தில் தொங்கியதும் அது முன்பக்கம் சாய்ந்துவிடும். பின்சட்டத்தில் தரை ஆணிகளோ மணல் மூட்டைகளோ இல்லாத கம்பத்தை எந்தத் திடலிலும் ஏற்கக் கூடாது.

விளக்குக் கம்பங்கள் நட்டுத் தருகிறார்கள். மின் இணைப்பு யார் பெயரில், மாதக் கட்டணம் யார் பொறுப்பு என்று எழுதிக்கொள்வதில்லை. சில மாதங்களில் விளக்கு அணைந்துவிடும். கரிசல் மண்ணில் வடிகால் சரிவு இல்லாமல் புல் பதித்தால் முதல் மழையில் குளம், கோடையில் வெடிப்பு. நடுவிலிருந்து ஓரத்துக்கு நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற அளவிலாவது சரிவு வேண்டும். சுற்றிலும் வாய்க்கால் வேண்டும். கழிப்பறையும் உடை மாற்றும் அறையும் இல்லாத திடலில் வயதுக்கு வந்த பெண் பிள்ளைகள் நிலைப்பதில்லை. புதிய கட்டுமானம் எதுவானாலும் முதல் செலவு இதுவாக இருக்கட்டும்.

ஊராட்சிகளுக்கு அரசு வழங்கிய கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு நல்ல முயற்சி. அதன் பந்துகள் தேய்ந்தபின் மாற்றுவதற்கும், திடலை உருட்டித் தண்ணீர் தெளிக்க ஓர் ஆளுக்குச் சம்பளம் தருவதற்கும்தான் நிலையான வழி வேண்டும். ஆகவே நிதியில் குறைந்தது 60 விழுக்காடு பராமரிப்புக்கும் பயிற்றுநர், காவலாளி ஊதியத்துக்கும் ஒதுக்கப்பட வேண்டும். கட்டுவதற்குக் கொடையாளர் கிடைத்துவிடுவார்கள், கல்வெட்டில் பெயர் வரும். பராமரிக்கத்தான் யாரும் வருவதில்லை.

இந்த நிதி, விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பொதுக் கணக்கில் கலக்காமல் தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் தலைமையில் மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர், இரண்டு உடற்கல்வி ஆசிரியர்கள் (ஒருவர் பெண்) கொண்ட குழு செலவை முடிவு செய்யட்டும். அணியின் பிரதிநிதி கூட்டத்தில் அமரலாம், வாக்கு வேண்டாம். ஆட்டம் சென்னையில் நடந்தாலும் ரசிகர்கள் எல்லா மாவட்டத்திலும் இருக்கிறார்கள். பாதித் தொகை பிற மாவட்டங்களுக்குப் போக வேண்டும்.

சி.எஸ்.ஆர். பக்கத்தில் அரசு செய்ய வேண்டியது பெரிய செலவில்லாத ஒரு வேலை. நிதியாண்டு முடியும் மார்ச்சில், செலவழித்தாக வேண்டுமே என்று அவசரமாகக் கிரிக்கெட் மட்டைகள் வாங்கிக் கொடுக்கப்படுவதற்குக் காரணம், நிறுவனங்களின் கையில் தயார் திட்டம் இல்லாததே. ஒவ்வோர் ஆண்டும் ஜனவரிக்குள் மாவட்டவாரியாகத் திடல் பட்டியலை ஆணையம் வெளியிட்டால், ஏப்ரலில் தொடங்கும் ஆண்டுத் திட்டத்தில் அவர்கள் சேர்த்துக்கொள்வார்கள். பட்டியலில் புல எண், நில வகைப்பாடு, எல்லைக்கற்களைக் காட்டும் எஃப்.எம்.பி. (புல அளவை) வரைபடம், ஊராட்சித் தீர்மான நகல், தேவைகளின் மதிப்பீடு ஆகியவை இருக்கட்டும். எல்லை அளக்காத இடத்தில் பணத்தைப் போட எந்த நிறுவனமும் முன்வராது. சி.எஸ்.ஆர். பணத்தில் உருவாகும் சொத்தை நிறுவனம் தன் பெயரில் வைத்துக்கொள்ள முடியாது. பொது அதிகார அமைப்பிடம் இருக்கலாம் என விதி அனுமதிப்பதால் ஊராட்சியின் பெயரிலேயே இருக்கட்டும். தொடங்கும் ஆண்டு போக மேலும் மூன்று ஆண்டுகள் வரை தொடர் திட்டமாகச் செலவிடவும் விதியில் இடமுண்டு. ஒரே தவணையில் கட்டி முடிப்பதைவிட, பராமரிப்பையும் சேர்த்து இப்படி எழுதி வாங்குவது மேல்.

அடுத்த பருவத்துக்கான அரங்க ஒப்பந்தங்கள் கையெழுத்தாகும் முன் கீழ்க்கண்ட விதியைச் சேர்க்க ஆணையிடுமாறும், வரைவு குறித்து நேரில் விளக்க எங்களுக்கு ஒரு வாய்ப்பு அளிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

"இவ்வரங்கில் ஆடும் அணியின் உரிமையாளர், ஒவ்வோர் ஆட்டமும் முடிந்த 30 நாட்களுக்குள், இலவச பாஸ்களின் மதிப்பு உட்பட மொத்தச் சீட்டு வசூலில், ஜி.எஸ்.டி. நீங்கலாக, 3 விழுக்காடு, அல்லது அரங்கத்தின் ஒரு நாள் வாடகையில் 20 விழுக்காடு, எது அதிகமோ அதை இளையோர் விளையாட்டு நிதிக் கணக்கில் செலுத்த வேண்டும். அணி கைமாறினால் இக்கடமை புதிய உரிமையாளரைச் சேரும். நிலுவை இருக்கும் வரை அடுத்த ஆட்டத்துக்கு அரங்கம் ஒதுக்கப்படாது. வரவு செலவுக் கணக்கு ஆண்டுதோறும் ஆணையத்தின் இணையதளத்தில் வெளியிடப்படும்."

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்கள்