புயலுக்குப் பின் யார் யாரிடம் கேட்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வடகீழ்ப் பருவமழை தொடங்குவதற்கு முன்னர் ஆண்டுதோறும் எமது திருகோணமலை மாவட்டத்தில் அனர்த்த ஆயத்தக் கூட்டங்கள் நடைபெறுகின்றன. எச்சரிக்கை விடுப்பதையும் கரையோர மக்களை அப்புறப்படுத்துவதையும் பற்றியே அவற்றில் பெரும்பாலும் பேசப்படுகிறது. அது அவசியமானதுதான். ஆனால் காற்று ஓய்ந்த மறுநாள் விடியும்போது, வீதி அறுபட்டு, மின்சாரமும் தொலைபேசியும் இல்லாத நிலையில், யார் யாரிடம் உதவி கேட்பது, கேட்டதை யார் அனுப்புவது, அனுப்பியது உரிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதை யார் பார்ப்பது என்ற கேள்விகளுக்குக் களத்தில் நிற்பவருக்குத் தெளிவான விடை கிடைப்பதில்லை. பிரதேச செயலகம் ஒன்றில் நீண்டகாலம் கடமையாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் இதைப் பற்றி எழுதுகிறேன்.

சூறாவளி எமக்குப் புதிதல்ல. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் அதற்கு முன்னர் எமது கரையைத்தான் கடந்து சென்றது. 1978 நவம்பர் 23 ஆம் திகதி மட்டக்களப்பு சின்னாபின்னமானது. 2000 டிசம்பரிலும், 2020 டிசம்பரில் புரெவியின் போதும் மீண்டும் எமது கரைக்கே காற்று வந்தது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா நாடு முழுவதும் 600 இற்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. எமது மாவட்டத்தில் காற்றை விட வெள்ளமே பெரும் சேதத்தை விளைவித்தது. மகாவலி பெருகி மாவிலாறு அணைக்கட்டு உடைந்தபோது மூதூர், வெருகல், சேருவில பகுதி மக்கள் பட்ட துன்பத்தை இங்கு விவரிக்கத் தேவையில்லை.

அந்த நாட்களில் இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த ஒரு பாடசாலையில் தொண்டர்களுடன் நானும் இருந்தேன். ஆறாம் வகுப்புக் கரும்பலகையில் தேவைகளைச் சோக்கினால் எழுதியிருந்தார்கள்: குழந்தைகளுக்குப் பால்மா, பெண்களுக்கான சுகாதாரப் பொருட்கள், நீரிழிவு நோயாளருக்கு இன்சுலின், குடிநீர்ப் பவுசர். வெளியூர்களிலிருந்து நல்ல மனத்துடன் புறப்பட்டு வந்த லொறிகளோ ஒன்றன்பின் ஒன்றாகச் சோற்றுப் பொதிகளையும் பழைய உடுப்புகளையுமே இறக்கின. மாலைக்குள் பொதிகள் புளித்து மேசைகளில் குவிந்து கிடந்தன. அதே வேளையில், தண்ணீர் சூழ்ந்திருந்த பக்கத்துக் கிராமத்தில் காலையிலிருந்து ஒருவரும் சாப்பிடவில்லை என்று ஒரு வள்ளக்காரர் வந்து சொன்னார். அந்தக் கரும்பலகையைக் கண்டு பொருள் அனுப்பக்கூடிய ஒருவரும் அதைக் காணவில்லை. தேவையை ஒரு அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அறிவித்தபோது வேறொரு அலுவலகத்தைக் கேட்கச் சொன்னார்கள். அங்கு கேட்டபோது எழுத்தில் தரச் சொன்னார்கள். எவரும் மனம் இல்லாமல் அப்படிச் செய்யவில்லை. அவர்களும் இரவு பகலாக விழித்திருந்தவர்களே. கேட்கப்பட்டதைக் குறித்துக்கொண்டு அதற்குப் பொறுப்பேற்கும் ஓர் இடம் இல்லாததுதான் குறை.

சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. 2004 கடற்கோளுக்கு (சுனாமி) பின்னர், 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க இலங்கை அனர்த்த முகாமைத்துவச் சட்டம் இயற்றப்பட்டது. ஜனாதிபதியின் தலைமையில் தேசிய சபை, அதன் கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையம், மாவட்டந்தோறும் அதன் அலகு, பொதுமக்களுக்கு 117 என்ற இலக்கம் என்று அமைப்பு முழுவதும் இருக்கிறது. ஆயினும் கீழே வரும்போது பொறுப்புகள் பல கைகளில் சிதறிக் கிடக்கின்றன. பெரிய குளம் மத்திய நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு உரியது, அடுத்த குளம் மாகாண நீர்ப்பாசனத்துக்கு, சிறிய குளம் கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. பிரதான வீதியை வீதி அபிவிருத்தி அதிகார சபை பார்க்க வேண்டும், உள்வீதியை மாகாணத் திணைக்களமோ பிரதேச சபையோ பார்க்க வேண்டும். வீதியின் குறுக்கே விழுந்த ஒரு மரத்தில் மின்கம்பி சிக்கியிருந்தால், மின்சார சபையினர் வந்து இணைப்பைத் துண்டித்தோம் என்று உறுதி சொல்லும்வரை பிரதேச சபை ஊழியர் அதில் கத்தி வைக்க முடியாது. அந்த ஒரு மரத்துக்குப் பின்னால் அம்புலன்சும் தண்ணீர்ப் பவுசரும் காத்து நிற்கும்.

இதே சிக்கலை வசதி மிக்க நாடுகளும் அனுபவித்துத்தான் கற்றிருக்கின்றன. 1992 ஆகஸ்ட் 24 இல் அன்ட்ரூ சூறாவளி அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் மியாமிக்குத் தெற்கேயுள்ள ஹோம்ஸ்டெட் பகுதியைத் தரைமட்டமாக்கியபோது, உதவி வந்து சேர நாட்கள் பல ஆயின. அந்த அவமானத்துக்குப் பின்னர் அம்மாநிலம் தன் ஏற்பாடுகளை அடியோடு மாற்றியது. வீட்டுக் காப்புறுதிப் பத்திரம் ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 2 டொலரும், வணிகக் காப்புறுதிக்கு 4 டொலரும் அறவிட்டு ஒரு நிதியம் அமைத்தார்கள். அங்குள்ள 67 கவுண்டிகளின், அதாவது எமது மாவட்டங்களைப் போன்ற நிர்வாகப் பிரிவுகளின், அனர்த்த அலுவலகங்களுக்கு அதிலிருந்து பணம் போகிறது. சூறாவளி வரும்போது தலைநகர் தலஹாசியிலுள்ள மாநில நடவடிக்கை நிலையத்தில் போக்குவரத்து, தொலைத்தொடர்பு, சுகாதாரம், உணவும் தங்குமிடமும் எனப் பணிகள் வாரியாக மேசைகள் போடப்பட்டு, ஒவ்வொன்றிலும் உரிய திணைக்களத்தின் முடிவெடுக்கும் அதிகாரி அமர்ந்திருப்பார். கீழிருந்து வரும் கோரிக்கை ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம் இடப்படும். அது எந்த மேசைக்குப் போனது, யார் பொறுப்பேற்றார், லொறி புறப்பட்டதா, பொருள் கையளிக்கப்பட்டதா என்பதை அந்த அறையிலுள்ள எல்லோரும் ஒரே பதிவேட்டில் பார்க்கலாம்.

அங்கும் எல்லாம் சரியாக நடந்துவிடவில்லை. 2018 ஒக்டோபர் 10 இல், மணிக்கு ஏறத்தாழ 260 கிலோமீற்றர் வேகக் காற்றுடன் மைக்கேல் சூறாவளி அதே மாநிலத்தின் வடமேற்குக் கரையைத் தாக்கியது. பனாமா சிற்றி பகுதியில் தொலைபேசிச் சேவை வழமைக்குத் திரும்ப நெடுநாள் எடுத்தது. காரணத்தை ஆராய்ந்த அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணைக்குழு, தொலைபேசி நிறுவனங்களுக்கும் மின்கம்பி திருத்துவோருக்கும் உள்ளூராட்சியினருக்கும் இடையே ஒருங்கிணைப்புப் போதாமையை முக்கிய குறையாகக் கண்டது. இடிபாடு அகற்றச் சென்றவர்களே திருத்தப்பட்ட கண்ணாடியிழைக் கம்பிகளை மீண்டும் அறுத்திருந்தார்கள். நான் மேலே சொன்ன மரமும் மின்கம்பியும் அங்கும் இருந்திருக்கின்றன என்பதை வாசகர் கவனிக்க வேண்டும்.

அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடிய இன்னொன்று மாநிலங்களுக்கு இடையிலான உடன்படிக்கை. அன்ட்ரூவுக்குப் பின் தென்மாநில ஆளுநர்கள் தொடங்கிய முயற்சி 1996 இல் அந்நாட்டுப் பாராளுமன்றமான காங்கிரஸின் அங்கீகாரம் பெற்று, இன்று 50 மாநிலங்களும் அதில் சேர்ந்திருக்கின்றன. ஒரு மாநிலம் உதவி கேட்டால் மற்றது ஆட்களையும் இயந்திரங்களையும் அனுப்பும். உதவி கேட்ட மாநிலம் செலவைப் பின்னர் திருப்பிக் கொடுக்கும். அனுப்பப்படும் தாதியின் தொழில் அனுமதிப்பத்திரம் போன இடத்திலும் செல்லும். யார் பணம் கொடுப்பது, ஊழியருக்குக் காயம் பட்டால் யார் பொறுப்பு என்ற பேச்சுகள் எல்லாம் காற்று வருவதற்கு முன்னரே முடிந்துவிடுகின்றன.

எமது நாடு கூட்டாட்சி நாடு அல்ல என்பதும், எமது மாவட்டச் செயலாளரான அரசாங்க அதிபரிடம் ஓர் ஆளுநரின் அதிகாரமோ பணப்பையோ இல்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே அந்த முறையை அப்படியே பெயர்த்து நடச் சொல்லவில்லை. ஆனால் கோரிக்கைக்கு இலக்கமிட்டு ஒரே பதிவேட்டில் எழுதுவதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. மாவட்டச் செயலாளரின் சுற்றறிக்கை ஒன்று போதும். எமது 11 பிரதேச செயலகப் பிரிவுகளிலும் கிராம உத்தியோகத்தர் தேவையை அறிவிக்க ஒரே படிவம், அது வந்து சேர ஒரே மேசை, அந்த மேசையில் இரவிலும் தமிழில் பதில் சொல்லக்கூடிய ஒருவர் என்ற அளவில் தொடங்கலாம். தொண்டு நிறுவனங்களும் கோயில், பள்ளிவாசல், விகாரை, தேவாலய நிர்வாகங்களும் அந்தப் பதிவேட்டைப் பார்த்த பின்னரே லொறியை ஏற்ற வேண்டும் என்று கேட்டுக்கொண்டால், பெரும்பாலானோர் மகிழ்ச்சியுடன் உடன்படுவார்கள். கொடுப்பவருக்கும் தான் கொடுத்தது பயன்பட வேண்டும் என்ற ஆசை உண்டு.

அயல் மாவட்டங்களுடனான ஏற்பாடு அதைவிடக் கடினமானது. முல்லைத்தீவு, அனுராதபுரம், பொலன்னறுவை, மட்டக்களப்பு ஆகியவையே எமக்கு எல்லை மாவட்டங்கள். டித்வா அவற்றையும் விட்டுவைக்கவில்லை. ஆகையால் காலி, அம்பாந்தோட்டை போன்ற தொலை மாவட்டங்களுடனும் எழுத்தில் உடன்பாடு இருக்க வேண்டும்: எத்தனை பவுசர், எத்தனை மின்பிறப்பாக்கி, எந்த வீதியால் வரும், எரிபொருளுக்கு யார் கட்டுவது என்பது வரை.

மிக அருகிலுள்ள வளத்தை இதுவரை நாம் உரிய முறையில் கணக்கில் எடுக்கவில்லை என்பதே என் பெரிய கவலை. மட்டக்களப்பு வீதி வெள்ளத்தில் அறுபட்டால் மூதூருக்குக் கொட்டியாரக் குடாவைக் கடந்துதான் போக வேண்டும். கடற்படைப் படகுகள் ஒரே நேரத்தில் எல்லா இடத்துக்கும் போய்விட முடியாது. மூதூரிலும் கிண்ணியாவிலும் சம்பூரிலும் குச்சவெளியிலும் கடலையும் ஆற்று முகத்தையும் கையிலுள்ள ரேகைபோல் அறிந்த கடற்றொழிலாளர் இருக்கிறார்கள். டித்வாவின் போது அவர்களில் பலர் கேட்காமலே வள்ளத்தை இறக்கினார்கள்; மண்ணெண்ணெய்க்குத் தம் சட்டைப்பையிலிருந்து கொடுத்தார்கள், உடைந்த இயந்திரத்துக்கு இழப்பீடு கேட்டு எங்கு போவது என்று தெரியாமல் இருந்தார்கள். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களுடன் மாவட்டச் செயலகம் முன்கூட்டியே உடன்பாடு செய்து, ஓடக்கூடிய படகுகளின் பட்டியல், எரிபொருள் அனுமதிச் சீட்டு, உயிர்காப்பு அங்கி, படகோட்டிக்குக் காப்புறுதி ஆகியவற்றை ஒக்டோபருக்குள் ஒழுங்கு செய்ய வேண்டும்.

இவ்வாண்டுப் பருவமழைக்கு முந்திய ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இந்த மூன்றையும் சேர்க்குமாறு எமது மாவட்டச் செயலகத்தையும் பாராளுமன்ற உறுப்பினர்களையும் கேட்டுக்கொள்கிறேன். பதிவேட்டின் பிரதி ஒன்று ஒவ்வொரு நாள் மாலையும் தமிழிலும் சிங்களத்திலும் நலன்புரி நிலையங்களின் வாசலில் ஒட்டப்பட வேண்டும். தாம் கேட்ட பால்மா எங்கே நிற்கிறது என்பதை அங்கு தங்கியிருக்கும் தாய்மாரும் வாசித்து அறிய உரித்துடையவர்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற பிரதேச செயலக உத்தியோகத்தர்,
திருகோணமலை.