மாலை வகுப்புக்குத் தோள் கொடுத்த எல்லோருக்கும்

முத்தையன்கட்டு, ஒட்டுசுட்டான், அயற் குடியிருப்புகள் எங்கும் இருந்து எங்கள் சமையல், யோகா வகுப்புக்குக் கைகொடுத்த அம்மாமார், ஐயாமார், அக்காமார், அண்ணைமார் அனைவருக்கும் வணக்கம்.

காலபோக அறுவடை முடிந்து சிறுபோக வேலை தொடங்கும் இடைவெளியில் இந்த வகுப்பை நடத்த முடிந்தது உங்களால்தான். காசாகத் தந்தவர்கள் சிலர், தங்களுக்குத் தெரிந்ததைத் தந்தவர்கள் பலர். ஆகவே நன்றியையும் அந்த வழியிலேயே சொல்ல விரும்புகிறோம். நீங்கள் சொல்லித் தந்ததை அளவோடும் காரணத்தோடும் இங்கே எழுதி வைக்கிறோம். வர முடியாமற் போனவர்களுக்கும் அது பயன்படட்டும்.

முதலில், குரக்கன் மூட்டை தந்த கமக்கார ஐயாவுக்கும் அதை இலவசமாக அரைத்துத் தந்த மில்லுக்கார அண்ணைக்கும். குரக்கனில் மணல் கட்டாயம் இருக்கும். புடைத்தால் மட்டும் போகாது. அரிக்கன் சட்டியில் அரித்து, மூன்று நான்கு தண்ணீரில் கழுவி, நல்ல வெயிலில் முறுகக் காயவிட வேண்டும். ஈரத்தோடு அரைத்த மா கட்டிபட்டு விரைவில் பூஞ்சணம் பிடிக்கும். மில்லில் இருந்து சுடச்சுட வரும் மாவை உடனே ரின்னில் அடைக்கக்கூடாது என்று அண்ணை ஒவ்வொருவருக்கும் சொல்லி அனுப்பினார். உள்ளே ஆவி வேர்த்து மா கெட்டுவிடும். துணியில் பரப்பி, நன்றாக ஆறிய பிறகே மூட வேண்டும். 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் உண்டு. பால்மா வாங்க வசதியில்லாத வீட்டுக்கு இது சின்ன விடயமில்லை.

குரக்கன் புட்டு எல்லோருக்கும் சரிவருவதில்லை. அதைப் பொறுமையாகப் பழக்கிய பெரியம்மாவின் அளவு இதுதான்: இரண்டு சுண்டு (சின்ன அளவுப் பேணி) குரக்கன் மாவுக்கு ஒரு சுண்டு வறுத்த சிவப்புப் பச்சையரிசி மா, அரைத் தேக்கரண்டி உப்பு, ஏறத்தாழ ஒன்றரைச் சுண்டு சுடுதண்ணீர். தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, கொதி அடங்கிய பிறகு கொஞ்சங் கொஞ்சமாகத் தெளித்து அகப்பைக் காம்பால் கிளற வேண்டும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் குரக்கன் களியாகிவிடும். பச்சைத்தண்ணீர் விட்டால் மா பிடிபடாது, அவித்த பிறகும் வாயில் மாவாகவே நிற்கும். பதம் பார்க்க ஒரு பிடி எடுத்து அமத்துங்கள். பிடி உடையாமல் நிற்கவும் வேண்டும், விரலால் தட்டினால் உதிரவும் வேண்டும். பிறகு சுண்டின் விளிம்பால் கொத்தி, அரை மூடித் தேங்காய்ப்பூவும் இரண்டு கைப்பிடி முருங்கையிலையும் கலந்து நீத்துப்பெட்டியில் போட வேண்டும். மாவை அழுத்தி அடைத்தால் ஆவி ஏறாது. அடி அவிந்து மேல் பச்சையாக இருக்கும். மேலால் ஆவி வரத் தொடங்கிய பின் 10 தொடக்கம் 12 நிமிடம் போதும்.

குரக்கன் என்றால் சீனி வருத்தக்காரர் எவ்வளவும் சாப்பிடலாம் என்ற எண்ணம் எங்கள் ஊரில் வேரோடியிருக்கிறது. அது பிழை. குரக்கனிலும் மாச்சத்துத்தான் பெரும்பங்கு. ஒரு தேத்தண்ணிக் கோப்பையளவு புட்டு, அதோடு பருப்போ மீனோ ஒரு வறையோ என்று வைத்தால் நல்லது. சீனியும் வாழைப்பழமும் குழைத்துச் சாப்பிட்டால் குரக்கன் தெரிவு செய்ததன் பயனே போய்விடும்.

சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து கானில் தண்ணீர் ஏற்றி வந்த தம்பிமாருக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். குடிக்க மட்டுமல்ல, சமைக்கவும் அந்தத் தண்ணீர் எவ்வளவு தேவையென்று பருப்பு வகைகள் அவிக்கும்போது எல்லோரும் கண்டார்கள். எங்கள் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் கடுமையானது. அதிலுள்ள கல்சியமும் மக்னீசியமும் கௌப்பியின் தோலை இறுக்கிவிடும். எவ்வளவு விறகு எரித்தாலும் நடு கல்லாகவே இருக்கும். கௌப்பியை இரவே, 8 மணித்தியாலமாவது ஊறவைத்து, ஊறின தண்ணீரை ஊற்றிவிட்டு, கடுமையில்லாத சுத்திகரித்த தண்ணீரில் அவியுங்கள். பழப்புளி, தக்காளி, தேசிக்காய் எதுவானாலும் மசிந்த பிறகுதான். புளி முன்னே போனால் பருப்பு அவியாது. கெதியாக அவிய அப்பச்சோடா போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்: அது பருப்பை மசிக்கும், ஆனால் பி1 உயிர்ச்சத்தை அழித்துவிடும்.

வேலியிலும் வரம்பிலும் இலை பறித்து வந்த அக்காமாரே, உங்களால் முசுட்டை, வல்லாரை, தூதுவளை, பொன்னாங்காணி என்று ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பச்சை எங்கள் சட்டியில் ஏறியது. வயலுக்குக் களைநாசினி அடித்திருந்தால் அந்த வரம்பில் கை வைக்கக்கூடாது என்று நீங்கள் கண்டிப்பாக நின்றதை இங்கே தனியாகப் பதிகிறோம். கழுவினால் போகும் என்று நினைப்பது ஆபத்து. அடித்தவரிடம் கேட்ட பிறகே பறிக்க வேண்டும், கேட்க ஆளில்லையென்றால் விட்டுவிட வேண்டும்.

இலைக்கஞ்சிக்கு அரைச் சுண்டு சிவப்புப் பச்சையரிசி, ஐந்து சுண்டு தண்ணீர், நாலு பல்லு உள்ளி, ஒரு துண்டு இஞ்சி. அரிசி கரைய அவிந்த பின் ஒரு சுண்டு தேங்காய்ப்பால் விட்டு, இரண்டு பிடி வல்லாரையும் ஒரு பிடி கறிவேப்பிலையும் அரைத்துப் பிழிந்த சாற்றைக் கடைசியாகச் சேர்க்க வேண்டும். ஒரு கொதி வந்ததும் இறக்குங்கள். தொடர்ந்து கொதித்தால் பச்சை நிறம் மங்கி மண்ணிறமாகும், மணமும் மாறும். உப்பு இறக்கிய பிறகு.

உப்பைப் பற்றிப் பேச வந்த குடும்பநல உத்தியோகத்தருக்கு மிக்க நன்றி. உலக சுகாதார நிறுவனம் வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சொல்வது 5 கிராமுக்குக் குறைவு, அதாவது வழித்த ஒரு தேக்கரண்டிக்குள். கறி, சோறு, சம்பல், கருவாடு, ஊறுகாய் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். கருவாட்டைச் சுடுதண்ணீரில் ஊறவிட்டு இரண்டு தரம் கழுவினால் உப்பில் ஒரு பங்கு கழன்றுவிடும். அந்தக் கறிக்கு வேறு உப்புப் போடவும் தேவையில்லை. அவர் சொன்ன இன்னொன்று எங்கள் வீடுகளில் உடனே மாற வேண்டியது: சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ. தேயிலையிலுள்ள தனின் என்ற துவர்ப்புப் பொருள் இலைக்கறியிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் நன்றாகச் சேரவிடாது. ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். முருங்கையிலை வறையை இறக்கிய பின் தேசிக்காய்ப் புளி விட்டுச் சாப்பிட்டால் இரும்பு கூடுதலாகச் சேரும். கர்ப்பவதிகளும் வயதுக்கு வந்த பிள்ளைகளும் உள்ள வீட்டார் இதை மறக்க வேண்டாம்.

கச்சான் தந்தவர்களுக்கும் நன்றி. பூஞ்சணம் பிடித்த, சுருங்கிய, கசக்கும் கச்சானைத் தெரிந்து எறிந்தே ஆகவேண்டும். பூஞ்சணம் உண்டாக்கும் நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது, ஈரலைத் தாக்கும்.

இனி யோகா. மண்டபம் தந்த கோயில் பரிபாலன சபையாருக்கும், மாலைதோறும் கூட்டித் துடைத்துப் பாய் விரித்த பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. பனையோலைப் பாய் சீமெந்து நிலத்தில் வழுக்கும். அதற்குக் கீழே சாக்கை விரித்தது அந்தப் பிள்ளைகளின் யோசனைதான். நின்று செய்யும் ஆசனங்களை வெறுங்காலோடு வெறும் நிலத்தில் செய்வதே பாதுகாப்பு.

பஸ் ஏறி வந்து பழக்கிய ஆசிரியை அம்மா, களை பிடுங்கியும் நாற்று நட்டும் குனிந்தே நாள் போக்கியவர்களுக்கு முதலில் முன்குனியும் ஆசனங்களைக் கொடுக்கவேயில்லை. ஏற்கெனவே இழுபட்டிருக்கும் இடுப்பை அது மேலும் இழுக்கும். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி ஐந்து நிமிடம் மூச்சைக் கவனித்தல். பிறகு நாலு காலில் நின்று முதுகை மெல்ல வளைத்து நிமிர்த்தும் பூனை ஆசனம் 8 தரம். அதன்பின் மல்லாந்து படுத்து பாதத்தை ஊன்றி இடுப்பைத் தூக்கும் சேதுபந்தாசனம், ஐந்து மூச்சு, மூன்று தரம். சேதுபந்தத்தில் இரண்டு பிழை அடிக்கடி நடக்கும். முழங்கால்கள் வெளியே விரிந்தால் பாரம் இடுப்பு மூட்டில் இறங்கும். இடுப்பைத் தூக்கியபடி பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கத் தலையைத் திருப்பினால் கழுத்துப் பிடிக்கும், ஆகவே கண் கூரையில்தான் இருக்க வேண்டும். முடிவில் சவாசனம். நேரமில்லை என்று பலர் விட்டுவிடுவது இதைத்தான், விடக்கூடாததும் இதைத்தான்.

மூக்கை மாறி மாறி அடைத்து மூச்சு விடும் நாடிசுத்திக்கு ஆசிரியை அம்மா தந்த அளவு, 4 எண்ணி இழுத்து 6 எண்ணி விடுவது. வலது மூக்கைப் பெருவிரலால் அடைத்து இடதால் இழுத்து, இடதை மோதிர விரலால் அடைத்து வலதால் விட்டு, வலதால் இழுத்து இடதால் விட்டால் ஒரு சுற்று. மூச்சை அடக்கிப் பிடிப்பது வேண்டாம், குறிப்பாக இரத்த அழுத்தம், இதய வருத்தம் உள்ளவர்களுக்கும் கர்ப்பவதிகளுக்கும். தடிமன் நாளில் செய்யவே வேண்டாம். ஆசனத்துக்குச் சோறு சாப்பிட்டு மூன்று மணித்தியாலமும் கஞ்சி குடித்து ஒரு மணித்தியாலமும் விட வேண்டும். ஆசனமும் மூச்சுப் பயிற்சியும் குளிசைக்குப் பதிலல்ல. கிளினிக்கில் தந்த மருந்தை யாரும் தாமாக நிறுத்த வேண்டாம்.

எங்கள் நெஞ்சில் ஆழமாக நிற்பது வைத்தியசாலை இயன்மருத்துவரின் (பிசியோதெரபிஸ்ட்) உதவி. வன்னியில் ஒரு வகுப்பு வைத்தால் செயற்கைக்காலோடு வருபவர்களும், போரில் பட்ட செல் (எறிகணை) துண்டு உடம்பில் இருக்க வாழ்பவர்களும் வருவார்கள். அவர்களை ஓரமாக இருத்திப் பார்க்க வைக்காமல் முதல் வரிசையில் இருத்தினார். முழங்காலுக்கு மேலே கால் இழந்தவர் நாள் முழுக்கக் கதிரையில் இருந்தால் இடுப்பின் முன்தசை சுருங்கிவிடும். பிறகு செயற்கைக்கால் போட்டு நிமிர்ந்து நடப்பது கடினம். அதற்கு எளிய மருந்து குப்புறப் படுப்பது. செயற்கைக்காலைக் கழற்றிவிட்டு, வயிற்றுக்குக் கீழே தலையணை வைக்காமல், 10 தொடக்கம் 20 நிமிடம், நாளுக்கு இரண்டு தரம். முதுகு நொந்தால் நேரத்தைக் குறைக்க வேண்டும். நின்று செய்யும்போது கைக்கெட்டும் தூரத்தில் சுவர் அல்லது அசையாத கதிரை இருக்க வேண்டும். பிளாஸ்ரிக் கதிரை சறுக்கும், மரக்கதிரைதான் நல்லது. வகுப்பு முடிந்ததும் இழந்த காலின் மிஞ்சிய முனையின் தோலைப் பார்க்க வேண்டும். சிவந்த இடம் பத்து நிமிடத்தில் மறையாவிட்டால் குழிச்சட்டம் (செயற்கைக்காலில் அந்த முனை இறங்கும் குழி) பொருந்தவில்லை என்று அர்த்தம். காட்டித் திருத்த வேண்டும். செல் துண்டு உள்ளவர்கள் உடம்பை முறுக்கும் ஆசனத்தில் விறைப்போ மின்னுகிற மாதிரி வலியோ வந்தால் உடனே நிறுத்தி வைத்தியரிடம் கேட்க வேண்டும். "கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கோ" என்ற சொல்லை அந்த வகுப்பில் அவர் ஒருதரமும் பாவிக்கவில்லை. நன்றி, ஐயா.

சமைத்த சட்டி கழுவியவர்கள், விறகு பிளந்தவர்கள், மாலையில் மனைவிமார் வகுப்புக்கு வர வீட்டில் பிள்ளைகளைப் பார்த்த அண்ணைமார் எல்லோருக்கும் எங்கள் மனம் நிறைந்த நன்றி.

இரவல் தந்த நீத்துப்பெட்டிகளும் அரிக்கன் சட்டிகளும் கழுவிக் காயவைத்து மண்டபத்தில் இருக்கின்றன. அடையாளம் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். ஆசனங்களின் படமும் சமையல் அளவுகளும் எழுதிய தாள் முன்பள்ளிச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது, வேண்டியவர்கள் பார்த்து எழுதலாம். அடுத்த வகுப்பு சிறுபோக அறுவடைக்குப் பிறகு. ஒடியல் கூழும் பயற்றம் களியும் பழக்க ஆள் தேவை. தெரிந்தவர்கள் இப்போதே பெயர் தாருங்கள்.

அன்புடன்,
மாலை வகுப்புக் குழுவினர்